கொலுவுக்கு வந்த கமிஷனர்

எங்கள் வீட்டுக் கொலுவில் சுண்டலுக்கு உப்பு எப்போதும் ஒரு சிட்டிகை குறைவாகத்தான் இருக்கும். அம்பாளுக்குப் படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது என்பதில் என் மனைவி நாகலக்ஷ்மி கண்டிப்பானவள். கைக்கணக்கில் உப்பைப் போட்டு, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அடுப்பை அணைத்துவிடுவாள். நாங்கள் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோவில் யாரும் அதைக் குறை சொன்னதில்லை. இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம்.

வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தரலாம், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறது என்று நீங்கள் சொன்னது எனக்கு நிம்மதி. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் பழக்க தோஷத்தில் ரிப்போர்ட் மாதிரி எழுதிவிடுவேன். என் ரிப்போர்ட்டுகளைப் பற்றி இப்போது உங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை என்று தெரியும்.

என் பெயர் ராமசுப்ரமணியன். இங்கே எல்லாருக்கும் ராம். ரூட் ஒன் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு சின்னத் தண்ணீர் பரிசோதனைக் கூடம் நடத்தினேன். பள்ளிக்கூடங்களில் குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து அனுப்புவார்கள். அதில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பழைய கட்டடங்களில் குழாயும் பழையது. அதிலிருந்து ஈயம் தண்ணீரில் இறங்கினால் குழந்தைகளின் மூளைக்குக் கெடுதல். எனக்கு இருந்ததிலேயே பெரிய வாடிக்கை, வடக்கே ஒரு பழைய ஆலை ஊரின் பள்ளிக்கூடங்கள். எந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும். எழுத எனக்குக் கை வரவில்லை.

டோலோரஸ் கிரேடி அப்போது மாநிலக் குடிநீர் கமிஷனர். எங்களைப் போன்ற கூடங்களுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் பிடுங்குவதும் அவர் பொறுப்பு. ஒரு கூட்டத்தின் இடைவேளையில், எங்கள் வீட்டில் படிகட்டி பொம்மை வைக்கும் பண்டிகை வருகிறது என்று சொன்னேன். அந்த அம்மாள் உடனே வருகிறேன் என்றார். 1996 நவராத்திரியில் ஒரு சாயங்காலம் தனியாக வந்தார். வாசலிலேயே காலணியைக் கழற்றினார். முழங்கால் வலி இருந்தும் தரையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்து உட்கார்ந்தார். செட்டியார் பொம்மையையும் அவர் மனைவியையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, இவர்கள் கடையில் என்ன விற்கிறார்கள் என்று விசாரித்தார். நாகலக்ஷ்மிக்கு அவரை அப்போதே பிடித்துப்போய்விட்டது.

கொலுவுக்கு வந்த பெண்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், தேங்காய், ரவிக்கைத் துணி, சின்னச் சீப்பு, கண்ணாடி எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுப்பது வழக்கம். வாங்க மாட்டேன் என்று வந்தவர்கள் சொல்லக் கூடாது. இதைக் கிரேடியிடம் முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்தேன். விலை இல்லாத சாமான்கள், மரியாதைக்காகக் கொடுப்பது என்றும் சொன்னேன்.

அவருக்கென்று எடுத்து வைத்திருந்த பையில், சீப்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில், எடிசனில் ஒரு நகைக்கடையில் வாங்கிய தங்கச் சங்கிலியை வைத்தேன். நாகலக்ஷ்மிக்குத் தெரியாது. கடைப் பெட்டியோடு வைத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார் என்று, பெட்டியை எடுத்துவிட்டு, குங்குமப் பொட்டலம்போல ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டேன். லைசென்ஸ் புதுப்பிக்கும் காலம் அது. அன்றைக்கு என் மனதில் வேறு எதுவும் இல்லை. ஒரு நல்லெண்ணம், அவ்வளவுதான்.

பிறகு அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார். நாகலக்ஷ்மி கடையில் வாங்கிய பாட்டிலைத் திறந்தாள். எதற்கு வீண் செலவு, குழாயிலேயே பிடித்துக் கொடுங்கள் என்றார் கிரேடி. கமிஷனர் அல்லவா, தன் தண்ணீர்மேல் அவருக்கு நம்பிக்கை. நாகலக்ஷ்மி பதறிப்போனாள். வந்தவர்களுக்கு மட்டமானதைக் கொடுப்பதாவது?

"நோ நோ, டாப் வாட்டர் நாங்க குடிக்கவே மாட்டோம். மை ஹஸ்பண்ட் வெரி ஸ்ட்ரிக்ட். வாட்டர் டெஸ்ட் பண்றவரோன்னோ, அவருக்கு எல்லாம் தெரியும்."

பாதி தமிழ், பாதி ஆங்கிலம். இருந்தும் கிரேடிக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டுதான் என்னைப் பார்த்தார். ஆனால் அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் முகத்தில் அப்படியே நின்றது. எங்கள் ஊரில் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துப் பழக்கம், அந்தப் பயம் இன்னும் போகவில்லை என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் பாட்டில் தண்ணீரைக் குடித்தார். சுண்டலை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். பையை வாங்கிக்கொண்டு, நாகலக்ஷ்மி செய்ததைப் பார்த்துத் தானும் கைகூப்பிவிட்டுப் போனார்.

சங்கிலியை அவர் கவரிங் என்றுதான் நினைத்தார். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு வந்து, என் இந்தியத் தோழி கொடுத்தது என்று எல்லாரிடமும் காட்டினாராம். ஒளித்து வைக்க வேண்டியதை யாராவது அப்படிக் காட்டுவார்களா?

குளிர்காலத்தில் ஒருநாள் எனக்குப் போன் செய்தார். இனி மாநில ஆட்களே நேரில் போய்ச் சில பள்ளிக்கூடங்களில் தண்ணீர் எடுத்துச் சோதிக்கப் போகிறார்கள், முதலில் உங்கள் ஆலை ஊர்தான், சும்மா ஒரு சரிபார்ப்பு, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் ராம் என்றார். நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் கடமையைச் செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஊரிலிருந்து வந்த பாட்டில்களை நான் சோதிப்பதே இல்லை என்பது தெரிந்துவிடும் என்பதும் புரிந்தது.

சட்டமன்றத்தில் அவருக்கு ஆகாத ஒரு உறுப்பினர் இருந்தார். அவரிடம் போனேன். கமிஷனர் லைசென்ஸுக்கு லஞ்சமாகத் தங்கம் கேட்டார், பயந்துபோய் வாங்கிக் கொடுத்தேன் என்று சொன்னேன். குரல் நடுங்கியது. அந்த நடுக்கம் நிஜம், நான் நடிக்கவில்லை. சங்கிலியை ஆபீஸே பார்த்திருந்தது. விற்ற கடைக்காரர் விற்றதைச் சொன்னார். கொடுத்தவன் தானே முன்வந்து சொன்னதால் என்மேல் வழக்கில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சட்டமன்றத்தில் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேறி, மேலவையான செனட்டில் விசாரணை வந்தது.

கிரேடியின் பதில் ஒன்றுதான். அது அவர்கள் வழக்கம், கொலுவுக்கு வந்த எல்லாப் பெண்களுக்கும் அந்தப் பை உண்டு, அந்த வீட்டம்மாளையே கேளுங்கள். தன் பக்கத்துச் சாட்சியாக நாகலக்ஷ்மியை அவர்தான் அழைத்தார். அந்த வீட்டில் ஒருத்தி பொய் சொல்ல மாட்டாள் என்று அவருக்கு ஒரே சாயங்காலத்தில் தெரிந்திருக்கிறது. விசாரணைக்காகத் தலைநகர் ட்ரென்டனுக்குக் காரில் போகும்போது நாகலக்ஷ்மி கேட்டாள்.

"ஏன்னா, என்ன கேப்பா?"

"பையில என்னெல்லாம் குடுத்தேன்னு கேப்பா. குடுத்ததைச் சொல்லு."

"செயின் எதுவும் நான் குடுக்கலையே."

"அப்போ குடுக்கலைன்னு சொல்லு."

"பாவம்னா அந்த மாமி. நான் சொல்றதால அவாளுக்கு ஏதாவது கஷ்டம் வருமா?"

"உண்மையைச் சொன்னா யாருக்கும் கஷ்டம் வராது. நீ போர்டைப் பாரு, எக்ஸிட்டை மிஸ் பண்ணிடப் போறேன்."

அவள் போர்டுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, வெற்றிலை பாக்கிலிருந்து சீப்பு வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வந்த எல்லாருக்கும் ஒரே மாதிரிதான், பாகுபாடு பார்க்க மாட்டேன் என்றாள். தங்கச் சங்கிலி என்று கேட்டதும், இல்லவே இல்லை என்று தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கிரேடி மேஜையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்ட அன்று பார்த்த அதே பார்வை, சிரிப்பு மட்டும் இல்லை.

வெளியே வராந்தாவில் அவர் நாகலக்ஷ்மியின் கையைப் பிடித்து, உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்றார். திரும்பி வரும்போது அவள் காரில் அழுதுகொண்டே வந்தாள். நான் ஏசியைக் கொஞ்சம் குறைத்து வைத்தேன்.

கிரேடியைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அவர் போட்ட உத்தரவுகளில் எதையும் புதிதாக வந்தவர் நிறைவேற்ற விரும்பவில்லை. ஆலை ஊருக்கு மாநில ஆட்கள் யாரும் போகவில்லை. என் லைசென்ஸ் புதுப்பிக்கப்பட்டது. இந்த வருஷம் ஒரு டாக்டர் அந்த ஊர்ப் பிள்ளைகளின் ரத்தத்தைப் பார்க்கும்வரை எல்லாம் அமைதியாக இருந்தது. போன வருஷம் முழுப் பெயரையும் எழுதிய ஒரு குழந்தை இந்த வருஷம் முதல் எழுத்தோடு நின்றுவிடுகிறது என்று நீங்கள் சொன்னீர்கள். அதுபோல எத்தனை பேர் என்றும் சொன்னீர்கள். நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

வெட்கமாக இருக்கிறது. இதை மழுப்பாமல் எழுதிவிடுகிறேன். பேப்பரில் செய்தி வந்த அன்று நாகலக்ஷ்மி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"அந்தச் செயினைப் பையில வெச்சது நீங்கதானே?"

ஆமாம் என்றேன்.

"அம்பாள் முன்னாடி நான் வெச்சுக் குடுத்த பை அது" என்றாள். பொம்மைகளைப் பழைய பேப்பரில் சுற்றிக் கராஜில் வைத்துவிட்டாள். இந்த நவராத்திரிக்கு எங்கள் வீட்டில் படி இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் எங்கள் வாசலைத் தாண்டி வேறு வீடுகளுக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உடம்பே கூசிப்போயிற்று. ஒரு நல்ல வழக்கத்தை இப்படிக் கெடுத்துவிட்டோமே என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஈயம் இருந்தது எனக்குத் தெரியுமா? சோதிக்காதவனுக்கு எப்படித் தெரியும் என்று முதல் நாள் பதில் சொன்னேன். அது முழுப் பதில் இல்லை. அந்த ஊரிலிருந்து முதன்முதல் வந்த பாட்டில்களை மட்டும் முறைப்படி சோதித்தேன். முடிவு மோசமாக இருந்தது. உள்ளதைச் சொன்னால் வேறு கூடத்தைத் தேடிப் போய்விடுவார்கள் என்று, நன்றாக இருப்பதாக எழுதி அனுப்பினேன். அதற்குப் பிறகு சோதிக்கவில்லை. பார்க்காமல் இருந்தால் தெரியாமல் இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த ஊர்ப் பாட்டில்களை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உதவியாளர்களிடம் சொல்லிவைத்து, வந்ததும் சிங்கில் கொட்டிவிடுவேன்.

ஆனால் நான் அலட்சியமானவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். குளிர்காலத்தில் நாகலக்ஷ்மியின் கறிவேப்பிலைச் செடி என் கூடத்து ஜன்னலோரம்தான் இருக்கும். வீட்டைவிட அங்கே வெயில் அதிகம். நான் பாட்டில்களைக் கொட்டுவதைப் பார்த்து, வீணாத்தானே போறது, செடிக்கு விடப்படாதோ என்று அவள் ஒருநாள் கேட்டாள். கூடவே கூடாது என்று கையைப் பிடித்துத் தடுத்தேன். ஒவ்வொரு குளிர்காலமும் அதற்குக் கடையில் வாங்கிய தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறேன். ஒரு இலைகூடப் பழுக்கவில்லை, வேண்டுமானால் வந்து பாருங்கள்.