ப்ராசஸரைக் கொன்ன மனுஷன்

...அதான் தம்பி, கம்ப்யூட்டரைத் தொடாதீங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! கேட்டாரா? இப்ப பாருங்க, பெட்டியைத் தூக்கிட்டு உங்க கடையில வந்து நிக்கிறேன். நீங்க பாட்டுக்குக் கழட்டுங்க. நான் பேசினா கை நடுங்காதுல்ல? சரி.

நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவ. ஒரு பொண்ணோட கல்யாணமே இதுக்குள்ள மாட்டிக்கிட்டு கிடக்கு. தினமும் போன்... 'அக்கா, என் கல்யாணம் என்னாச்சு?'ன்னு. என்னத்தச் சொல்ல? மாப்பிள்ளை பத்திரமா இருக்கார், வெளியதான் வர மாட்டேங்கிறார்னா?

ஒண்ணுமில்ல, ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்துச்சு. ஹீட்சிங்குக்கு அடியில பசை காஞ்சிருக்கும், மாத்திடலாம்னார். மாத்திட்டுப் போக வேண்டியதுதானே? இல்ல! எதையும் படிச்சுட்டுத்தான் செய்வார். சோப்பு உறையைக்கூட படிக்கிற ஆளு. 'ப்ராசஸர்தான் மூளை, ஹீட்சிங்க் அதோட சூட்டை இழுத்துக்கும்'னு எனக்குப் பாடம் வேற! 'முதல்ல மெஷினைக் கொஞ்சம் ஓட விடணும், பசை இளகும். அப்புறம் ஆஃப் பண்ணி, இப்படியும் அப்படியுமா லேசா திருகி எடுக்கணும். மாட்டும்போது பட்டாணி அளவு புதுப் பசை. ஸ்க்ரூவை எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா...' யப்பா! பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டவே இவ்வளவு சொல்ல மாட்டாங்க!

மாட்டினார். ஸ்விட்சைப் போட்டார். உயிரே இல்ல! 'ஸ்க்ரூவை முறுக்கியே ப்ராசஸரைக் கொன்னுட்டீங்களே!'ன்னு பிடிச்சேன் பாருங்க ஒரு பிடி... பாவம், முகம் சுண்டிப் போச்சு. அன்னையிலேர்ந்து சமையல், பாத்திரம், துணி எல்லாம் அவர்தான். நான் கேக்காமலே பரண்கூட சுத்தமாயிடுச்சு.

என்ன தம்பி, லென்ஸைக் கீழ வச்சுட்டு என்னையே பாக்குறீங்க?... ப்ராசஸருக்கு அடியில இருக்கிற பின்னு வளைஞ்சிருக்கா?... ஸ்க்ரூ முறுக்கினா இப்படி வளையாதா?... பிடுங்கினாத்தான் வளையுமா?

ம்ம்... மெதுவாப் பேசுங்க.

அவர் பசை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். வர்ற வரைக்கும் காத்துக்கிட்டிருக்க எனக்கென்ன பொறுமையா இருக்கு? சூடும் பண்ணல, திருகவும் இல்ல... ஸ்க்ரூவைக் கழட்டி, ஹீட்சிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரே இழு! அடியில ப்ராசஸரும் ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு. பிச்செடுத்து, இருந்த இடத்துலயே வச்சு அமுக்கிட்டேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு! அவர் வந்ததும், 'நீங்க சொன்ன மாதிரியே திருகி எடுத்து வச்சுட்டேன்'னுட்டேன்.

நிமிர்த்திட முடியும்ல?... ப்ளேடு நுனியாலயா? ஒவ்வொண்ணா? அப்ப உயிர் வந்துடும்! அப்பாடா... நல்லா இருப்பீங்க தம்பி.

அய்யய்யோ, வண்டி நிறுத்த இடம் தேடிப் போன மனுஷன் படியேறி வர்றார். வாயைத் திறந்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்...

வாங்க, வாங்க. ஏன் அங்கயே நிக்கிறீங்க? சரி பண்ணிடலாமாம். விடுங்க, போனது போகட்டும்... நான் உங்களை மன்னிச்சுட்டேன்.