வலைப்பூவில் பாரதி

— வேணாம் ஃபீபி டீச்சரம்மா, உள்ள வராதீங்க. வாசல்லயே சொல்லிட்டுப் போய்டுங்க. தெருவே பாத்துக்கினு கீது.

— கோவம் இருக்கட்டும்மா. உங்க பொண்ணு பாரதியை ஸ்கூலுக்கு அனுப்புங்க. எட்டாவதோட நின்னுடக் கூடாது.

— வந்து? இன்னொரு கட்டுரை எழுதணுமா? ஒண்ணுக்கே இவ்ளோ பேஜார்.

— 'மாலையில் என் வேலை'ன்னு எழுதச் சொன்னேன். எல்லாரும் கோலம், டியூஷன்னு எழுதுனாங்க. இவ ஒருத்திதான், அம்மாகூட உக்காந்து ஷூ தைக்கிறேன், ஊசி குத்தி விரல்ல சீழ் வச்சிடுச்சுன்னு எழுதினா. படிச்சிட்டு அழுதுட்டேன்.

— அழுதீங்க இல்ல, அதோட வுட்டிருக்கலாமே! வூட்டுக்கு வந்து போட்டோ வேற புடிச்சி, எதுக்கு கம்ப்யூட்டர்ல போட்டீங்க?

— வேலூர் ட்ரெய்னிங்ல வகுப்புக்கு ஒரு வலைப்பூ ஆரம்பிக்கச் சொன்னாங்க. தமிழ்ல டைப் அடிக்கவே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வகுப்புச் சுவத்துல ஒட்டுற மாதிரி, நம்ம புள்ளைங்க மட்டும்தான் படிக்கும்னு நெனச்சேன்.

— செவுத்துல ஒட்டுனா ஜெர்மனிக்காரன் பாப்பானா? புள்ள கையில ஷூ, ஷூ மேல அவன் கம்பெனி பேரு. சின்னப் புள்ளைய வெச்சா தைக்கிறீங்கன்னு ஆர்டரயே நிறுத்திட்டான். தைக்கறதுக்கு வூட்டு வூட்டுக்கு வர்ற ஷூத் தோல் பண்டல் நின்னுபோச்சு. பக்கத்து வூட்டு நசீமுன்னிசாவுக்கு அடுப்பு எரியல. அவ எம் மூஞ்சியே பாக்கறதில்ல.

— தெரிஞ்ச அன்னைக்கே அதை எடுத்துட்டேனே.

— எடுத்தா இன்னா? அவன் அச்சடிச்சி வெச்சிக்கினு கீறான். எல்லாம் பொய்னு அதே எடத்துல எழுதினாதான் பண்டல்னு, கம்பெனிலேர்ந்து அத்தக் கொண்டாந்து குடுக்கற மேஸ்திரி கறாரா சொல்லிட்டாரு.

— அது மட்டும் என்னால முடியாது. உண்மையை எழுது, கீழ உன் பேரைப் போடு, பயப்படாதேன்னு சொல்லிக்குடுத்தவ நான். புள்ளையப் பொய்க்காரின்னு எழுத எனக்குக் கை வராது.

— கை வராது! எங்களுக்குக் கைதான சோறு போடுது.

— இருங்க. கதவுக்குப் பின்னால என்ன அது? புதுப் பண்டலா?

— ஏய் பாரதி, உள்ள போ நீ!

— இருக்கட்டும்மா. ஆமா டீச்சர், காலைல வந்துச்சு. எல்லா வீட்டுக்கும் வந்துச்சு.

— எப்படிம்மா? பொய்னு யாரு எழுதினது?

— நான்தான். பஜார்ல பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பாஸ்வேர்ட் நீங்கதான எங்க எல்லாருக்கும் குடுத்தீங்க?

— ஐயோ கண்ணு, உன்னையே நீ பொய்க்காரின்னு எழுதிட்டியா?

— என்னைய இல்ல டீச்சர். 'டீச்சர்தான் ஷூவைக் கையில குடுத்துப் போட்டோ புடிச்சாங்க, கட்டுரையும் அவங்களே எழுதினாங்க'ன்னு எழுதிட்டேன். நீங்க சொன்ன மாதிரியே, கீழ என் பேரைப் போட்டேன்.