கேப்டனுக்கு வந்த அழைப்பு

அமெரிக்காவில், எடிசன் ஊருக்குப் போகிற ரயிலில், முன் சீட்டில் இரண்டு தமிழர்கள். எனக்குக் காது மந்தம்தான். ஆனாலும் தமிழ் என்றால் எப்படியோ கேட்டுவிடும்.

"எங்க மாடி வீட்டுக்காரர் பாகிஸ்தான் ஃபுட்பால் டீம் கேப்டனா இருந்தவர்டா. டிஃபெண்டர்."

"சும்மா அடிச்சு விடாத."

"நிஜம்டா. அவர் கேப்டனா இருந்தப்ப டீமுக்கே தடை. வருஷக்கணக்கா மேட்ச் இல்ல. இப்பதான் கடைசியா ஒரு மேட்சுக்குக் கூப்பிடுறாங்க."

"போக வேண்டியதுதானே?"

"கிரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கார். டிராவல் பெர்மிட் இன்னும் வரல. இப்ப நாட்டை விட்டுப் போனா அப்ளிகேஷன் போச்சு. என்ன பண்றதுன்னு என்கிட்ட கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"கிளம்புங்கன்னு சொன்னேன்."

"டேய், உங்க அப்பா தவறினப்ப இதே கிரீன் கார்டுக்காக நீ ஊருக்குப் போகலையே?"

"அதனாலதான்டா சொன்னேன்."