எலி டேப் சுற்றாது

"பற்றரி நல்லம். கோர்ன் அடிக்குது, லைற் எரியுது, ஸ்டார்ட்டரும் சுத்துது. பிறகேன் இது ஸ்டார்ட் வருகுதில்ல?"

"அதைத்தானே நாங்கள் உங்களைக் கேக்கிறம்" என்றான் தம்பிராசா. "ரெண்டு தரம் வந்து பாத்தனீங்கள். சரியெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனனீங்கள்."

"நான் போகக்குள்ள சரியாத்தான் இரிந்திச்சு."

"அப்ப நீங்கள் போனாப்பிறகு பேய் வந்து பழுதாக்குதோ?"

ஆதம்பாவா சாவியை மறுபடியும் திருகிப் பார்த்தார். உட்துறைமுகம் வீதியில் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்பவர் அவர்; அண்ணன் முறையில் எல்லோருக்கும் 'நானா'. மத்தியானச் சோற்றை அரைவாசியில் விட்டுவிட்டு வந்த எரிச்சல் வேறு.

பிக்கப் வண்டி கமலேஸ்வரியுடையது. புருசன் கடலோடு போனபிறகு, துறைமுகத்தடியில் மீன் எடுத்துக் கந்தளாய்ச் சந்தைக்கு அனுப்பி வந்தாள். ஓட்டுவது தம்பி தம்பிராசா. இந்தச் சண்டைக் காலத்தில் பழைய பிக்கப் ஒன்று ஓடுவதே பெரிய காரியம். அதற்குள் ஆமி முகாமில் இருந்தும் கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தண்ணீர்ப் பீப்பாய் ஏற்ற வேண்டும், விடிய வந்து நில் என்பார்கள். கூப்பிட்ட இரண்டு விடியலிலும் பிக்கப் அசையவில்லை. இரண்டாம் முறை வீட்டுக்கே வந்து தம்பிராசாவை முற்றத்தில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். நாளைக்கு மறுபடியும் வரச் சொல்லியிருந்தார்கள்.

"இந்தக் கன்னத்தைப் பாருங்கோ நானா. பொய் சொல்லுறாய் எண்டுதான் அடிச்சவங்கள். உங்கட வேலைக்கு நான் அடி வாங்கிறன்."

"என்ட வேலையக் குறை சொல்லாத தம்பி. வேற எதையும் சொல்லு..."

"வேலை செய்தாத்தானே குறை சொல்ல!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்கோ" என்றாள் கமலேஸ்வரி. "ஏலாதெண்டா ஏலாதெண்டு சொல்லிப்போட்டுப் போங்கோ நானா. அது பழசு. கிடக்கட்டும்."

"கிடக்கட்டுமோ? அக்கா, நாளைக்கு நான் அங்க போய் நிக்காட்டி..."

"கிடக்கட்டும் எண்டு சொன்னனான்."

ஏலாது என்ற சொல் ஆதம்பாவாவைச் சுட்டுவிட்டது. டெஸ்ட் பல்பை எடுத்து எஞ்சின் பக்கம் குனிந்தார். பிளக்குகளுக்கு நெருப்புக் கொடுப்பது கொயில். அதற்கு வரும் வயரில் பல்பை வைத்தார். எரியவில்லை.

"கொயிலுக்குக் கரண்ட் வருதில்ல. சாவி போடுற இடத்துக்கும் இதுக்கும் நடுவுலதான் எங்கயோ..."

"உள்ளுக்க எலி, நானா" என்றாள் கமலேஸ்வரி அவசரமாக. "மீன் மணத்துக்கு வந்து வயரெல்லாம் கடிக்குது."

அவர் காதில் வாங்காமல் சீற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்து, சாவித் துவாரத்தின் பின்பக்கம் கையை விட்டார். கை நின்றது. பிறகு ஒரு வயரை வெளியே இழுத்துப் பிடித்தார்.

"எலி கடிக்கும். ஸ்குறூவக் கழட்டி, வயர் நுனியில கறுப்பு டேப் சுத்தி மறைச்சு வைக்குமா?" எழுந்து தம்பிராசாவுக்கு முன்னால் போய் நின்றார். "ரெண்டு தரமும் என்னக் கூப்பிட்டு விசராக்கினது நீதானா?"

"நானோ? நானே கழட்டிப்போட்டு நானே போய் அடி வாங்கினனானோ?"

"ஓட்டப் பஞ்சி, சோம்பேறி. அதுக்கு என்ட பேரக் கெடுக்குறாய்."

தம்பிராசா அவருடைய சட்டையைப் பிடித்துவிட்டான். கமலேஸ்வரி இடையில் புகுந்து தம்பியைத் தள்ளினாள். போய் ரோட்டில் நில், கூப்பிடும்வரை உள்ளே வராதே என்று கத்தினாள். அவன் படலையை உதைத்துக்கொண்டு போனான். அவனுடைய செருப்புச் சத்தம் தேயும்வரை பார்த்திருந்தாள்.

"அவனில்லை, நானா."

"அப்ப ஆர்?"

அவள் படலையைச் சாத்திவிட்டு வந்தாள்.

"தங்கச்சி, நான் கேக்குறன்."

"நான்தான். முந்தி ரெண்டு தரமும் நீங்கள் வர முன்னம் திருப்பிப் பூட்டிப்போட்டன், இண்டைக்கு ஏலாமப் போச்சு."

ஆதம்பாவாவின் குரல் தணிந்தது. கோபம் தணியவில்லை.

"அவனப் போட்டு அடிக்கக்குள்ள...?"

"பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அடி ஆறும். அவங்கள் தண்ணி ஏத்தக் கூப்பிடேல்லை. அவங்கட வண்டியளுக்கு முன்னால போகத்தான் கூப்பிடுறாங்கள். ரோட்டில கண்ணிவெடி கிடந்தா முதல் போறவன் சாகட்டும் எண்டு. போன மாசம் பாக்கியரத்தினத்தின்ர ட்ரக்டருக்கு என்ன நடந்தது? தண்ணி ஏத்தத்தான் அவனையும் கூப்பிட்டவங்கள். தாயிட்ட ஒரு சாக்கில கட்டித்தானே குடுத்தவங்கள்."

"தம்பிக்கு ஒரு சொல்லுச் சொல்லியிரிக்கலாமே..."

"சொன்னா அடுத்த அடிக்குக் கக்கிப்போடுவான். தெரியாதவனிட்ட என்னத்தைக் கறக்கிறது?"

"விசரா ஒங்களுக்கு? நான் படுத்த ஒடனே கண்டுபிடிச்சன். நாளைக்கு அவனுகள் மெக்கானிக்கோட வந்தா அவன் காணமாட்டானா? அப்ப அடியோட விடுவானுகளா?"

அவர் மறுபடியும் படுத்தார். டேப்பை உரித்தெறிந்துவிட்டு வயரை உரிய இடத்தில் வைத்து ஸ்குறூவை இறுக்கினார்.

"நானா, பூட்டாதேங்கோ... உங்கட காலில விழுறன்."

அவர் திறந்து கிடந்த பொனற் மூடிக்குக் கீழே குனிந்து, நல்ல கொயிலைக் கழற்றித் தன் பைக்குள் போட்டார். அதே பைக்குள் இருந்து எரிந்து கருகிய பழைய கொயில் ஒன்றை எடுத்துப் பூட்டினார். அது நெடுநாள் அங்கேயே இருந்ததுபோலத் தோன்ற எண்ணெயும் புழுதியும் அள்ளித் தேய்த்தார். அப்போதுதான் கமலேஸ்வரிக்கு விளங்கியது. பிக்கப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"இனி ஆர் பாத்தாலும் கொயில் எரிஞ்சது. மாத்துறதுக்குக் கொழும்புல இருந்து வரணும். அங்க இருந்து ஒரு பல்பு வாறதுக்கே ஆயிரம் கேள்வி. நாளைக்கு நானும் வந்து நிண்டு அவனுகளுக்குச் சொல்லுறன்."

"தம்பி?"

"அவனுக்கும் அதையேதான் சொல்லுவன். வேலை தெரியாதவன் எண்டு ஏசட்டும்."

"பிடிபட்டா உங்களையும் சேத்தெல்லோ கொண்டுபோவாங்கள். பிள்ளைகுட்டிக்காரன் நீங்கள்... உங்களுக்கேன் நானா இது?"

ஆதம்பாவா பொனற்றை இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினார். அவளுடைய முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார்:

"அந்த ட்ரக்டரும் ஸ்டார்ட் இல்லாமத்தான் கிடந்திச்சு, தங்கச்சி. இப்ப ஏன் திருத்துறாய் எண்டு தாய் என்னோட சண்டை பிடிச்சா. எனக்கு வெளங்கல்ல... பூட்டிக் குடுத்துட்டு வந்தன்."