தாய்மாமன் விட்ட சரிவு

மண் தள்ளும் வண்டி ஓடுகிறது என்றால் நம் ஊரில் எவனுக்கும் வேலை ஓடாது, சார். வந்த பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு நின்று பார்ப்பான். ஒடுகத்தூர் மலையடிவாரத்தில் அந்தப் பழைய கிராவல் குவாரியை நான் மூடியபோதும் கூட்டம்தான். என் தங்கை புருஷன் பஞ்சாட்சரம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. குவாரிக்கு நேர் கீழே அவன் வீடும் வேர்க்கடலைக் கொல்லையும். நிமிர்ந்தாலே நான் தெரிவேன். நிமிரமாட்டான்.

வேலை எனக்குப் புதிதில்லை. நெய்வேலிப் பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் பல வருஷம் டோசர் ஓட்டினேன். கரியை எடுத்துக்கொண்ட பிறகு மேட்டைத் தட்டி, பள்ளத்தைத் தூர்த்து, நிலத்தை மறுபடி நிலமாக்கும் வேலை. மண்ணை ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. கொஞ்சம் பரப்பி, நனைத்து, ரோலர் விட்டு இறுக்கி, அதன் மேல் அடுத்ததைப் பரப்ப வேண்டும். சரிவில் படிகள் வெட்ட வேண்டும். படி மலைப் பக்கமாகச் சாய்ந்தால்தான் மழைத்தண்ணீர் கால்வாயில் இறங்கி ஓடைக்குப் போகும். கடைசியில்தான் மேல்மண், புல் விதை. இதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும்.

பஞ்சாட்சரத்தின் மேல் எனக்குக் கோபம் என்று ஊரில் சொல்லியிருப்பார்கள். கோபம் என்பது சின்ன வார்த்தை. தங்கை மகள் பாப்பாவுக்குக் காது குத்தியபோது வரிசைத் தட்டோடு போனேன். மணையில் உட்காரப் போன என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"நீ இரு மச்சான், வசந்த் உக்காரட்டும். மண்ணு தள்றவன் மடில என் பொண்ணு இன்னாத்துக்கு உக்காரணும்?"

வசந்த் என் பெரியப்பா மகன், ஆம்பூரில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். எல்லோரும் சிரித்தார்கள். தங்கை சோபனா தலையைக் குனிந்துகொண்டாள். கூடப்பிறந்த தாய்மாமன் நான், வாங்கிப்போன தோட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். சாப்பாடு நன்றாகவே இருந்தது.

பாப்பாவுக்கு மூன்று வயது ஆனபோது குவாரியை மூடும் வேலை வந்தது. நானாகக் கேட்டு வாங்கினேன். மேலே குவிந்து கிடந்த மண்ணை ஒரேயடியாகத் தள்ளினேன். ரோலரை மேற்பரப்பில் மட்டும் ஓட்டினேன். படிகளை அவன் வீட்டுப் பக்கம் சாய விட்டேன். கால்வாயை ஓடை வரை கொண்டுபோகாமல் பொலபொலவென்ற மண்ணுக்குள்ளேயே முடித்து, அதன் வாயில் செடி நட்டேன். பிறகு நல்ல மண் போர்த்திப் புல் விதைத்தேன். பார்க்க வந்த ஆபீசர், "பார்க் மாதிரி பண்ணிட்டப்பா" என்றார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அவன் கொல்லை பாழாகட்டும் என்றுதான் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அது பொய். வெறும் கொல்லைக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா, சார்?

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் காலையில் மேட்டின் உச்சிக்குப் போய்ப் பார்த்தேன். விரிசலில் என் கை முழங்கை வரை போனது. உடனே சோபனாவுக்கு போன் செய்து, பாப்பாவுக்குத் தோடு போட வேண்டும், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வா என்றேன். நான் ஈரமில்லாதவன் இல்லை. என் ரத்தத்துக்கு ஒரு வழி விட்டேன்.

வந்தார்கள். "மாமா மடில வந்து உக்காரு பாப்பா" என்றேன். பாப்பா அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டது. தோட்டைக் காட்டினேன். முறுக்கைக் காட்டினேன். தூக்கி மடியில் வைத்ததும் திமிறி இறங்கி, "வசந்த் மாமாதான் வேணும்" என்று அழுதது.

"கொழந்தண்ணா, அதுக்கு இன்னா தெரியும்" என்று சோபனா சமாளித்தாள். பிறகு வாசலைப் பார்த்துவிட்டு, "மழை ஜாஸ்தியாவுது. இன்னிக்கு இங்கயே தங்கிட்டுக் காலைல போவட்டுமாண்ணா?" என்றாள். கேட்டாள், சார். அதை நான் மறைக்கவில்லை.

"மாப்பிள்ள தேடுவாரு, கெளம்பு" என்றேன். பஸ் ஸ்டாப் வரை நானே குடை பிடித்துக்கொண்டு போனேன். பாப்பா நனையவே இல்லை.

விடிவதற்குள் மேடு இறங்கிவிட்டது. மண்ணை எடுக்க ஜேசிபியோடு என்னைத்தான் கூப்பிட்டார்கள். உடம்புகளில் பக்கெட் படாமல் மெதுவாக எடுத்தேன். எல்லோரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரி, ஒரே ஒரு திருத்தம். மூன்று பேரைக் கொன்றேன் என்று இருக்கிறது. இரண்டு பேர் என்று மாற்றுங்கள். பாப்பாவுக்கு நான் மடியைக் கொடுத்தேன். அதுதான் வேண்டாம் என்றது.