நீலாவதி அம்மாளுக்கு நான் வாசித்தது

பங்கஜம் டீச்சர், நீலாவதி அம்மாளுக்கு எதையும் வேகமாக வாசிக்கக் கூடாது. வரி முடிந்ததும் ஒரு மூச்சு விட வேண்டும். அந்த இடைவெளியில்தான் அவர் மனப்பாடம் செய்துகொள்வார். பக்கத்து வீட்டில் இருந்தாலும் உங்களுக்கு இது தெரிந்திருக்காது. ஏழு வருடமாக அந்த வேலை என்னுடையது. இதை நீங்கள்தான் வாசிக்க வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டதால் முதலிலேயே எழுதுகிறேன்.

ஐம்பத்து நாலில் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து காண்ட்ராக்டர் ஆளாகப் போர்ட் பிளேருக்கு வந்தேன். மர மில்லில் கட்டை சுமந்து வலது தோள் இறங்கிவிட்டது. பொங்கலுக்கு நம் ஆட்கள் போடும் நாடகத்தில் திரை இழுக்க இந்த ஜம்புலிங்கத்தைக் கூப்பிடுவார்கள். நீலாவதி அம்மாதான் அதில் ராணி. மெயின்லேண்டில் பெரிய நாடகக் கம்பெனியில் நடித்தவர். கணவரின் வேலைக்காக வந்து, அவர் இறந்த பிறகும் திரும்பிப் போகாதவர். பாதி வசனத்தில் விளக்கு அணைந்தாலும் நிறுத்த மாட்டார். இருட்டில் ஜனம் அசையாமல் கேட்கும்.

திரைக்கயிற்றுப் பக்கம் வசன நோட்டு தொங்கும். அவர் வசனம் எனக்குக் காதால் பாடம். காதில் விழுவதையும் நோட்டில் இருப்பதையும் பொருத்திப் பொருத்தி எழுத்துக் கற்றேன். முப்பத்தெட்டு வயதில் முதலில் பிடிபட்ட சொல் ‘நில்’. இரண்டாம் காட்சியில் அதை மூன்று தரம் சொல்வார்.

பிறகு ரேடியோ நிலையத்தில் தமிழ் நிகழ்ச்சிக்கு அவரை எடுத்தார்கள். கப்பல் என்றைக்கு வரும், எத்தனை மணிக்குப் புறப்படும் என்று அவர் குரல் சொன்னால்தான் நம் ஆட்கள் மூட்டை கட்டுவார்கள். புரோத்ராபூரில் வயலில் நிற்கிறவன்கூட அந்த நேரத்துக்கு ரேடியோ இருக்கும் வீட்டுக்கு வந்துவிடுவான்.

அறுபத்தாறில் அவருக்குக் கண் மங்கியது. தெரிந்தால் வேலை போய்விடும். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார்.

“ஜம்பு, உனக்குப் படிக்க வருமாமே?”

“எழுத்துக் கூட்டித்தாம்மா வரும்.”

“நீ கூட்டு. நான் சேத்துக்கறேன்.”

அன்றிலிருந்து நிலையத்துக்கு வெளியே பாதாம் மரத்தடியில் அன்றைய சேதிக் காகிதத்தை மூன்று தரம் வாசிப்பேன். உள்ளே போய்க் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகச் சொல்லிவிடுவார். நிலையத்தில் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. மில்லில் பரமசிவம் மட்டும் என்னைப் பெரிய குமாஸ்தா என்று கேலி செய்வான்.

“என்னடா, படா பாபு ஆயிட்டியா? தோள்ல கட்டை, கையில காயிதம். அந்தம்மாவ ஷாதி பண்ணிக்கப் போறியா?”

கல்யாண நினைப்பெல்லாம் எனக்கு இருந்ததில்லை. அவருக்குப் போகிற சேதியெல்லாம் என் வாய் வழியாகப் போவது பிடித்திருந்தது. அதை யாரும் தப்பென்று சொல்ல முடியாது.

மெயின்லேண்டிலிருந்து வந்த கண் டாக்டர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் கலந்து எழுதுகிறேன் என்றார். அடுத்த கப்பலில் தமிழிலேயே கடிதம் வந்தது. கண்ணில் புரை, அறுத்தால் பார்வை திரும்பும்; ஆனால் கண்ணுக்குள் அழுத்தமும் ஏறுகிறது, ஆறு மாதத்துக்குள் வராவிட்டால் நரம்பு பட்டுப்போய்விடும், பிறகு எதுவும் செய்ய முடியாது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்று எழுதியிருந்தார்.

அதை முதலில் மனதுக்குள் படித்துக்கொண்டேன். பிறகு அதில் இல்லாததை வாசித்தேன். “அன்புள்ள அம்மையாருக்கு, பெரியவரிடம் கலந்துவிட்டேன். அறுப்பதில் பயன் இல்லை. வீணாகக் கப்பல் ஏறி அலைய வேண்டாம்.” டாக்டர் எழுதியதைவிடச் சுருக்கமாக, மரியாதையாகத்தான் இருந்தது.

“இன்னொரு தரம் படி” என்றார். படித்தேன். ஒரு சொல் மாறவில்லை. கடிதத்தை வாங்கித் தடவிப் பார்த்துப் பெட்டியில் வைத்தார்.

ஒன்றரை வருடத்தில் முழு இருட்டு. அப்போதும் கப்பல் சேதி நிற்கவில்லை. ஒரு நாள் அவர் மைக் முன்னால் இருக்கும்போது யாரோ ஒரு சீட்டை நீட்டினார்கள். ஹட் பே தீவுக்குப் போகும் கப்பல் பத்து மணிக்கு இல்லை, ஆறு மணிக்கே என்று அதில் இருந்தது. அவர் பத்து என்றே சொன்னார். மறுநாள் ஜெட்டியில் அறுபது பேர் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றோடு வேலை போயிற்று. என்னை உள்ளே விட்டிருந்தால் அது நடந்திருக்காது.

அதன்பிறகு அரிசி களையும்போதுகூடப் பழைய கப்பல் சேதிகளை ரேடியோவில் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருப்பார். நான் வாசலில் உட்கார்ந்து கேட்பேன். கேட்கவும் ஆள் வேண்டும் அல்லவா.

போன வாரம் நீங்கள் அவரைக் கண் முகாமுக்குக் கூட்டிப்போய், அந்தக் கடிதத்தை அங்கே இருந்த டாக்டரிடம் கொடுத்தீர்கள். அவர் சத்தமாக வாசித்தாராம். நீங்கள் அழுதீர்களாம். அம்மா அழவில்லையாம்.

மறுநாள் நான் போனபோது என்னைத் திட்டவில்லை.

“டாக்டர் வசனத்த நல்லாத்தான் பேசின, ஜம்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கறவன் அன்னிக்கு ஒரு எடத்துலயும் தடுமாறல. நாடகக்காரி நான், அங்கயே புடிச்சிருக்கணும்” என்றார். பிறகு, “ஏன் செஞ்சன்னு எழுதிக் குடு. பங்கஜம் படிக்கட்டும். நீ படிச்சா எனக்கு வேண்டாம்.”

ஏன் என்றால், பார்வை வந்தால் அவரே படித்துக்கொள்வார். அவ்வளவுதான். நான்தான் அவர் கண்ணைக் கெடுத்தேன். இதை அப்படியே வாசியுங்கள், மாற்ற வேண்டாம்.

வியாழக்கிழமை கப்பல் வருகிறது. தபால் இருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருப்பீர்கள். யார் வாசிப்பது என்று அவரைக் கேட்டுச் சொல்லுங்கள். நான் வெளியே படிக்கட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.