மேடிசனில் பத்தாவது நாற்காலி

ஓரின்: வலது பக்கம் திரும்பாதேன்னு சொன்னேனா இல்லையா?

வெர்னா: சொன்னே. அதான் திரும்பினேன்.

ஓரின்: அறுபது வருஷமா உன்னோட இதே ரோதனைதான் அக்கா! நான் கிழக்குன்னா நீ மேற்கு. மாநிலத் தலைநகர் மேடிசன்ல சரியா பன்னெண்டு மணிக்குக் கூட்டம். இப்பவே பதினொன்னேகால்...

வெர்னா: பனி கொட்டுது. உசுரு முக்கியமா, கூட்டம் முக்கியமாடா?

ஓரின்: வெறும் கூட்டமா இது? அமெரிக்காவுக்கே ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கப் போறேன்!

வெர்னா: அப்போ நவம்பர்ல நான் கால் கடுக்க க்யூல நின்னேனே... அது எதுக்கு?

ஓரின்: ஆரம்பிச்சிட்டியா... நீ ஓட்டு போட்டது ஜனாதிபதிக்கு இல்ல. உங்க கட்சி நிறுத்தின பத்து பேருக்கு. நான் எங்க கட்சியோட பத்துல ஒருத்தன்.

வெர்னா: ஓட்டுச் சீட்டுல உன் பேரைக் காணோமே? ஜனாதிபதிக்கு நின்ன உங்க ஆளு பேருதான் இருந்துச்சு.

ஓரின்: பேரு அவரோடது, ஓட்டு எங்களுக்கு. போதுமா? வண்டியைத் திருப்பு.

வெர்னா: இரு. நாடு முழுக்க எண்ணினா எங்க ஆளுக்குத்தானே அதிகம்?

ஓரின்: அப்படி எண்ண மாட்டாங்க. மாநிலம் மாநிலமாத்தான். நம்ம விஸ்கான்சின்ல எங்க ஆளு பதினோராயிரம் ஓட்டுல முந்திட்டாரு. பத்தும் எங்களுக்கு.

வெர்னா: பத்தும்! எங்க பதினாறு லட்சம் பேரு ஓட்டு என்னாச்சு?

ஓரின்: ம்...

வெர்னா: சொல்லுடா. குப்பைக்கா?

ஓரின்: சட்டத்தை நானா எழுதினேன்? முப்பது வருஷம் கட்சிக்கு நாற்காலி தூக்கினேன், பனியில தேர்தல் விளம்பரப் பலகை நட்டேன். அதுக்குக் கிடைச்ச மரியாதை இது. திருப்பு அக்கா!

வெர்னா: மரியாதையா? ஜெயிச்ச மறுவாரமே உங்க ஆளு என்ன சொன்னான்? ‘பால் பண்ணைக்காரனுங்க கையேந்துற கூட்டம்’னு...

ஓரின்: ஏதோ வாய் தவறி...

வெர்னா: நாலு மணிக்கு எழுந்து மாடு கறக்கிறவன் நீ! கோபமே வரலியா?

ஓரின்: பேச்சை மாத்தாதே. இது மேடிசனுக்கு எதிர்ப்பக்கம், பராபூ ஊருக்குப் போற ரோடு. திருப்பு!

வெர்னா: தெரியும். தெரிஞ்சேதான் வந்தேன்.

ஓரின்: என்னது?

வெர்னா: ஜெயிக்க நாடு முழுக்க உன்னை மாதிரி ஆளுங்க ஓட்டு எத்தனை வேணும்? இருநூத்தி எழுபது. உங்க ஆளு கையில எத்தனை? சரியா இருநூத்தி எழுபது. நீ போகலேன்னா ஒண்ணு குறையும்ல? அதான்.

ஓரின்: ஐயோ... அக்கா...

வெர்னா: திட்டு. திட்டிக்கோ.

ஓரின்: குறையாது. நான் வரலேன்னா மீதி ஒன்பது பேரும் அங்கேயே வேற ஒருத்தரை என் நாற்காலியில உட்கார வெச்சிடுவாங்க. ரெண்டு நிமிஷ வேலை.

வெர்னா: ...ஒண்ணுகூடக் குறையாதா?

ஓரின்: அரை ஓட்டுகூடக் குறையாது.

வெர்னா: அடப்பாவி, முன்னாடியே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன! உன் ஒரே ஒரு நாளை வீணா கெடுத்திட்டேனே... மனசு கேக்கலடா. இரு, திருப்பறேன். கொஞ்சம் வேகமாப் போனா...

ஓரின்: வேண்டாம்.

வெர்னா: என்ன வேண்டாம்?

ஓரின்: அந்த ஆளு பேருக்குக் கீழே கையெழுத்துப் போட எனக்குக் கை வராது. அந்தப் பேச்சைக் கேட்டதுலேருந்து தூக்கமே இல்ல. கட்சிக்காரங்க முகத்தைப் பார்த்து மாட்டேன்னு சொல்லவும் தைரியம் இல்ல. ஓட்டு விழட்டும்... என் கையால விழ வேண்டாம்.

வெர்னா: அப்புறம் எதுக்குடா இவ்வளவு நேரமா ‘திருப்பு, திருப்பு’ன்னு என் உசுரை வாங்கினே?

ஓரின்: பேசாம வந்திருந்தா, நீ எப்பவோ மேடிசன் பக்கம் திருப்பியிருப்பியே!